கோரியன் மேடையில் கீறல்: தேய்த்தால் போகுமா, மாற்றத்தான் வேண்டுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பழைய ஃபிளாட் ஒன்றை வாங்கிக் குடிபோயிருக்கிறீர்கள். சமையல் மேடை கிரானைட் இல்லை, பால்வெள்ளை நிறத்தில் கோரியன் (அக்ரிலிக் பிசினில் வார்த்த செயற்கைப் பலகை) மாதிரி ஏதோ ஒன்று. சிங்க் பக்கம் முழுக்கச் சிலந்தி வலை போலப் பொடிக் கீறல்கள். முன்பு இருந்தவர்கள் கிரைண்டரை இழுத்ததில் இரண்டடி நீளத்துக்கு ஒரு கோடு. நகத்தை ஓட்டினால் தட்டுகிறது. அடுப்பு பதித்த இடத்தின் மூலையிலிருந்து முடி போல இன்னொரு கோடு. மார்பிள் பாலிஷ் போடுகிறவர் மெழுகு போட்டு மறைத்துவிடலாம் என்கிறார். உங்கள் மாமனார் பெயர்த்துவிட்டுக் கிரானைட் போடச் சொல்கிறார்.

மேடையை மாற்ற வேண்டாம். மெழுகும் வேண்டாம். பொடிக் கீறல்களையும் கிரைண்டர் கோட்டையும் நீங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எடுத்துவிடலாம். செலவு சில நூறு ரூபாய்க்குள் முடியும். மூன்றாவது கோடு மட்டும் கீறலாகத் தெரியவில்லை. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அதுவரை அதன் மேல் கை வைக்காதீர்கள்.

மாடுலர் கிச்சன் வேலையில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். இந்தப் பொருளை அறுத்து, ஒட்டி, தேய்த்துப் பழகியவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொருளைப் புரிந்துகொண்டு தேய்ப்பவருக்கும் புரியாமல் தேய்ப்பவருக்கும் முடிவில் தெரியும் வித்தியாசம் மிகப் பெரியது.

நகல் எடுப்பதை ஜெராக்ஸ் என்கிறோம் அல்லவா, கோரியனும் அப்படித்தான், ஒரு கம்பெனியின் பெயர் பொருளுக்கே பெயராகிவிட்டது. 1967இல் அமெரிக்காவின் டுபான்ட் நிறுவனத்தில் டொனால்ட் ஸ்லோகம் என்ற வேதியியலாளர் இதை உருவாக்கினார். 1971இல் விற்பனைக்கு வந்தது. இப்போது ஹைமேக்ஸ், ஸ்டாரான், ஹேனெக்ஸ் என்று பல பெயர்களில் கிடைக்கிறது. கடைகளில் சாலிட் சர்ஃபேஸ் என்பார்கள், சிலர் அக்ரிலிக் ஷீட் என்பார்கள். உள்ளே இருப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அக்ரிலிக் பிசின், மூன்றில் இரண்டு பங்கு அலுமினியம் ஹைட்ராக்சைடு தூள். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்தில் இருக்கிறதே, அதே தூள்தான். இரண்டையும் குழைத்து வார்த்து, பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் கனமுள்ள பலகையாக எடுக்கிறார்கள்.

இந்தச் சேர்க்கையிலிருந்து உங்களுக்குத் தேவையான இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, இது மென்மையான பொருள். தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அந்த வெள்ளைத் தூள் 3க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. எஃகுக் கத்தி 5½ அளவில் இருக்கும். ஆற்று மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. கிரானைட்டில் பெரும்பகுதி 6, 7 அளவிலான தாதுக்கள் என்பதால் அதன் மேல் காய் நறுக்கினாலும் கத்திதான் மழுங்கும். கிரானைட்டில் பழகிய கை இந்த மேடையில் அப்படியே புழங்கினால் கீறல் விழத்தான் செய்யும். அதைப் பொருளின் குறை என்று சொல்லமாட்டேன்.

இரண்டாவது விஷயம் உங்களுக்குச் சாதகமானது. மேலே இருக்கும் நிறமும் பொருளும்தான் அடி வரைக்கும். மேற்பூச்சு கிடையாது, ஒட்டிய படலம் கிடையாது. அரை மில்லிமீட்டர் தேய்த்து எடுத்தாலும் அதற்கடியில் அதே பால்வெள்ளைதான் வரும். நான் பார்த்த வீட்டுக் கீறல்களில் பெரும்பாலானவை ஓர் அஞ்சலட்டையின் கனம் கூட ஆழம் போகாதவை. 12 மில்லிமீட்டர் பலகைக்கு அது ஒன்றுமே இல்லை.

ஆனால் அது உண்மையில் இந்தப் பொருள்தானா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். வெள்ளை குவார்ட்ஸ் பலகையும் (குவார்ட்ஸ் தூளில் செய்த செயற்கைக் கல்), சன்மைக்கா ஒட்டிய பலகையும் தூரத்திலிருந்து பார்க்க இதே மாதிரி இருக்கும். உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கல் என்றால் சில்லென்று இருக்கும், இது அறையின் சூட்டிலேயே இருக்கும். விரல் மடக்கித் தட்டினால் கல்லின் கணீர் சத்தம் வராது, கனத்த பிளாஸ்டிக்கைத் தட்டிய மாதிரி மொத்தையாக இருக்கும். சிங்க் வெட்டிய உள்விளிம்பையும் அடிப்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே உள்ள அதே நிறம் வெட்டுவாய் முழுக்கத் தெரிந்தால் சாலிட் சர்ஃபேஸ். மேலே மெல்லிய வெள்ளைத் தகடும் அதற்குக் கீழே பழுப்பு மரத்தூள் பலகையும் தெரிந்தால் அது சன்மைக்கா. அதில் உப்புத்தாளைத் தொடவே கூடாது, படலம் போய்விட்டால் திரும்ப வராது. இணைப்பே தெரியாமல் ஒரே பலகையாக ஓடுவதும், சுவரோரம் மேடையே வளைந்து மேலேறுவதும் சாலிட் சர்ஃபேஸின் அடையாளங்கள்தாம்.

உறுதியானால் அடுத்ததற்குப் போகலாம். நான் சொல்லவருவதில் முக்கியமானது இதுதான். உங்கள் மேடையின் மங்கலான, பளபளப்பில்லாத பரப்பு இருக்கிறதே, அதுவே கீறல்களால் ஆனது. மேடையைப் பொருத்தி முடித்ததும் நாங்கள் வெவ்வேறு நம்பர் தாள்களால் தேய்த்துத்தான் அந்தப் பரப்பைக் கொண்டுவருகிறோம். லட்சக்கணக்கான மிகப் பொடியான கீறல்கள், எல்லாம் ஒரே ஆழம், ஒரே நெருக்கம். வெளிச்சம் அவற்றில் பட்டு ஒரே மாதிரி சிதறுவதால் கண்ணுக்குச் சமதளமாகத் தெரிகிறது. புதிதாக விழும் கீறல் ஏன் துருத்தித் தெரிகிறது என்றால், அது மற்றவற்றைவிட ஆழமாக, தனியாக, வேறு திசையில் ஓடுகிறது. ஆகவே அந்தக் கோட்டை மட்டும் குறிவைத்துத் தேய்ப்பதில் பயனில்லை. சுற்றியுள்ள பரப்பைக் கோட்டின் அடிமட்டம் வரை சீராக இறக்கி, பிறகு முழுவதற்கும் ஒரே மாதிரியான பொடிக் கீறலைப் போட வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் பொறுமைதான்.

வடபழனிப் பக்கம் ஒரு வீட்டில் இதற்கு நேர்மாறாக நடந்ததைப் பார்த்திருக்கிறேன். நல்ல கிரீம் நிற மேடை. ஒரு கத்திக் கோட்டை எடுப்பதற்காக வீட்டுக்காரர் மிகக் கரடான 80 நம்பர் உப்புத்தாளை விரலில் மடித்து, கோட்டின் மேலேயே அரைமணி நேரம் தேய்த்திருக்கிறார். கோடு போய்விட்டது. அந்த இடத்தில் விரல் அகலத்துக்கு ஒரு குழி விழுந்து, தண்ணீர் ஊற்றினால் ஓடை மாதிரித் தேங்கி நின்றது. அதைச் சமன்படுத்த நான்கடி மேடையையே இறக்க வேண்டியிருந்தது, முழுநாள் வேலை. அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கோடுதானே பிரச்சினை என்று யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

தாளை எடுப்பதற்கு முன் மேடையை நன்றாகக் கழுவிவிட்டுப் பாருங்கள். நீங்கள் கீறல் என்று எண்ணுவதில் பாதி கீறலாகவே இருக்காது. எவர்சில்வர் பாத்திரமும் அலுமினியக் குக்கரும் வெள்ளை மேடையில் உரசினால் சாம்பல் நிறக் கோடு விழும். பென்சில் காகிதத்தில் எழுதுவது போல உலோகம்தான் மேடையில் படிந்திருக்கிறது, மேடை அறுபடவில்லை. பாத்திரம் தேய்க்கும் கிரீமோ பவுடரோ கொஞ்சம் போட்டு ஈரத் துணியால் வட்டமாகத் தேய்த்தால் போய்விடும். குழாயடியில் வெள்ளையாக மங்கித் தெரிவது போர் தண்ணீர் உப்பு. வினிகரைத் துணியில் நனைத்து ஐந்து நிமிடம் போட்டுவைத்து, துடைத்துக் கழுவுங்கள்.

மஞ்சளைத் தனியாகச் சொல்ல வேண்டும். மஞ்சள்தூள், பீட்ரூட், காபி எல்லாம் பொடிக் கீறல்களுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு, ஒன்றுமில்லாத கீறலைப் பெரிய வெட்டு போலக் காட்டும். ஒரு பங்கு பிளீச்சில் நான்கைந்து பங்கு தண்ணீர் கலந்து, கறை மேல் சில நிமிடம் விட்டுக் கழுவினால் கறை போய்க் கீறலின் உண்மை ஆழம் தெரியும். வெயில் படும் இடம் என்றால் மஞ்சள் தானாகவே இரண்டு மூன்று நாளில் வெளுத்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: வினிகரையும் பிளீச்சையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் பயன்படுத்தாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். ஒரு நாள் இது, மறுநாள் அது. நடுவில் நன்றாகக் கழுவ வேண்டும். அமோனியா கலந்த கிளீனருக்கும் பாத்ரூம் ஆசிட்டுக்கும் இதே விதி.

காய்ந்த பிறகு விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சை மேடையோடு ஒட்டிப் படுக்கவைத்துப் பாருங்கள். மேலிருந்து அடிக்கும் டியூப் லைட்டில் தெரியாததெல்லாம் சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். பிறகு ஈரத் துணியால் ஒரு முறை துடையுங்கள். ஈரத்தில் மறைந்து காய்ந்ததும் திரும்பி வரும் கீறல் மேலோட்டமானது. ஈரத்திலும் நிற்கும் கோடு, நகம் தட்டும் கோடு, இவை ஆழமானவை. (மெழுகும் எண்ணெயும் செய்வது இந்த ஈரத் துணி செய்யும் வேலையைத்தான். கீறலின் இடுக்கை நிரப்பி வெளிச்சம் சிதறாமல் வைக்கின்றன. நாலு நாள் மறைந்திருக்கும், பிறகு அந்தப் பிசுக்கில் அழுக்கு ஏறி, கறுப்புக் கோடாகத் திரும்பி வரும். சோறு வைக்கும் இடத்தில் அது எதற்கு?)

சிங்க் பக்கத்துச் சிலந்தி வலைக்கு உப்புத்தாளே வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்காட்ச் பிரைட், புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பழையதில் மணல் துகள் ஒளிந்திருக்கலாம். மேடையை நனைத்து, கிளீனர் கிரீமைப் பரப்பி, உள்ளங்கையால் சமமாக அழுத்தி, ஒன்றன் மேல் ஒன்று ஏறும் சிறு சிறு வட்டங்களாகத் தேய்த்துக்கொண்டே போங்கள். சிங்க்கின் ஒரு பக்கத்தை மட்டும் செய்துவிட்டு நிறுத்தாதீர்கள். ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை வரை, அந்தப் பலகை முழுவதும் போக வேண்டும். பத்து நிமிடம் தேய்த்துக் கழுவிக் காயவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும். போகாமல் இரண்டு மூன்று நின்றால் 400 நம்பர் வாட்டர் பேப்பரால் அந்தப் பகுதியைச் சுற்றி அகலமாகத் தேய்த்து, மறுபடி ஸ்காட்ச் பிரைட் போடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை ஸ்காட்ச் பிரைட் வேலையை மட்டும் செய்துவந்தால் மேடை புதிது போலவே இருக்கும்.

கிரைண்டர் கோடுதான் கொஞ்சம் உழைப்பு கேட்கும். பெயிண்ட் கடையிலோ ஹார்டுவேர் கடையிலோ வாட்டர் பேப்பர் என்று கேளுங்கள். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்புத் தாள். 220, 320, 400 நம்பர்களில் மூன்று மூன்று தாள். நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும். ஒரு 180 தாளும் வாங்கி வைத்துக்கொள்ளலாம், ஆனால் 220 தோற்றால் மட்டும் அதை எடுங்கள். 150க்குக் கீழே உள்ள எதையும் மேடைப் பக்கம் கொண்டுவராதீர்கள், அது போடும் பள்ளங்களை எடுக்கவே அரை நாள் போகும். கூடவே, கைக்கு அடங்குகிற, அடிப்பக்கம் சமமான ஒரு மரக்கட்டை வேண்டும். தாளை அதில் சுற்றித்தான் தேய்க்க வேண்டும். வெறும் விரலால் தேய்த்தால் விரல் அழுத்தும் இடம் மட்டும் குழியும். வடபழனி வீட்டில் நடந்தது அதுதான்.

தேய்க்கப்போகும் பகுதியில் பென்சிலால் லேசாகக் குறுக்கும் நெடுக்கும் கோடு கிறுக்கிவிடுங்கள். கோட்டிலிருந்து இருபுறமும் ஒன்று, ஒன்றரை அடி விட்டு எல்லை வைத்துக்கொள்ளலாம். உங்கள் மேடை நீளம் குறைவு என்றால் சிங்க்கிலிருந்து சுவர் வரை முழுவதையும் எடுத்துக்கொள்வதே நல்லது, ஒட்டுப்போட்ட மாதிரித் தெரியாது. தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திர சோப்பு விட்டுத் தாளை நனையுங்கள். 220இல் தொடங்கி, மேடையின் நீளவாக்கில் மட்டும், முன்னும் பின்னும் தேய்த்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு முறையும் முந்தைய தடத்தில் பாதியை மூடியபடி அடுத்தது. எடை போட்டு அழுத்தாதீர்கள், தாள்தான் அறுக்க வேண்டும். வழுக்கத் தொடங்கினால் தாள் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், மாற்றிவிடுங்கள். பென்சில் கிறுக்கல் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் மறைந்தால் சமமாகப் போகிறீர்கள். ஓரிடத்தில் மட்டும் பென்சில் நிற்கிறதென்றால் அங்கே தாள் படவில்லை.

கிரைண்டர் கோட்டின் இரு கரையும் முதலில் மங்கும், பிறகு நடுவில் மெல்லிய நூல் போல ஒன்று மட்டும் நிற்கும். பலரும் இங்கேதான் கைவலியில் விட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போகிறார்கள். போகாதீர்கள். 220இல் எடுக்காத கோட்டை 400ஆல் எடுக்கவே முடியாது. வேலை எல்லாம் முடிந்த பிறகு அந்த நூல் மட்டும் தனியாக நின்று கண்ணில் குத்தும். நூலும் போன பிறகே நிறுத்துங்கள். அப்போது மேடை முழுக்க 220 போட்ட மங்கலான வெள்ளைக் கோடுகள் தெரியும், பயந்துவிடாதீர்கள், அப்படித்தான் இருக்கும்.

இப்போது மேடையை நன்றாகக் கழுவித் துடையுங்கள். வாளித் தண்ணீரையும் துணியையும் மாற்றுங்கள். 220இன் ஒரு துகள் மேடையில் தங்கி 320இன் அடியில் மாட்டிக்கொண்டால் புதிய கோட்டை இழுத்துக்கொண்டே போகும். பிறகு 320ஐ எடுத்துக் குறுக்குவாக்கில், அதாவது சுவரிலிருந்து உங்களை நோக்கித் தேய்க்க வேண்டும். திசையை மாற்றுவதற்குக் காரணம் இருக்கிறது. முந்தைய தாளின் கோடுகள் நீளவாக்கில் இருக்கின்றன, இப்போதையவை குறுக்கே. நீளவாக்குக் கோடு ஒன்று கூடத் தெரியாதபோது 320இன் வேலை முடிந்தது. திரும்பவும் கழுவி, 400ஐ நீளவாக்கில். கடைசியில் மேடை முழுவதற்கும் ஸ்காட்ச் பிரைட்டால் வட்டத் தேய்ப்பு. தேய்த்த இடமும் தேய்க்காத இடமும் ஒன்றுபோல ஆவது இந்தக் கடைசிச் சுற்றில்தான், அவசரப்பட்டு விட்டுவிடக் கூடாது. இரண்டடிக் கோட்டுக்குக் கையால் ஒன்றரை இரண்டு மணி நேரம் ஆகும்.

ஆர்பிட்டல் சாண்டர் (உப்புத்தாள் மாட்டித் தேய்க்கும் மின் இயந்திரம்) வாடகைக்கோ இரவலுக்கோ கிடைத்தால் அரைமணியில் முடிந்துவிடும். ஆனால் மின் இயந்திரம் என்றால் தண்ணீர் கூடாது, உலர்ந்த தேய்ப்புதான், தூசி பறக்கும். மாவு போன்ற அந்தத் தூசியை லேசாக எண்ணாதீர்கள். குவார்ட்ஸ் பலகைத் தூசியில் இருக்கும் சிலிக்கா இதில் இல்லை என்பது உண்மை. அந்தச் சிலிக்காவால் தொழிலாளிகளுக்கு நுரையீரல் நோய் வந்ததால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகளையே தடைசெய்தது. அதற்காகக் கோரியன் தூசி பாதகமில்லை என்று ஆகிவிடாது. பல ஆண்டுகள் இதை அறுத்தும் தேய்த்தும் வந்த ஒரு தொழிலாளியின் நுரையீரலில் இந்தத் தூசி படிந்திருந்ததை 2014இல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். ஒரு நாள் வேலைக்கு அவ்வளவு பயம் தேவையில்லை, ஆனாலும் என்95 மாஸ்க் போடுங்கள், குழந்தைகளை வேறு அறையில் வையுங்கள், ஜன்னலைத் திறந்துவையுங்கள், மிக்சியையும் அரிசி டப்பாவையும் துணி போட்டு மூடுங்கள். எங்கள் தொழிலில் இருக்கும் பையன்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. துண்டைக் கட்டிக்கொண்டு தேய்க்கிறார்கள். துண்டு இந்தத் தூசியை நிறுத்தாது. வீட்டில் செய்பவருக்கு நனைத்துத் தேய்க்கும் கைவேலையையே நான் சிபாரிசு செய்வேன்.

சாண்டரைக் கையாண்டால் அதைச் சாய்க்காமல், அதன் எடையிலேயே ஓடவிடுங்கள். ஓரிடத்தில் நிறுத்தக் கூடாது. ஆங்கிள் கிரைண்டரில் (டைல்ஸும் இரும்பும் அறுக்கும் கைமெஷின்) வட்டத் தாள் மாட்டித் தேய்க்கிறேன் என்று யாராவது வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். அந்த வேகத்தில் அக்ரிலிக் சூடாகி இளகும், பிறை பிறையாகப் பள்ளம் விழும். மார்பிள் பாலிஷ்காரர் கெட்டிக்காரராகவே இருக்கலாம், ஆனால் அவருடைய கல்லும் ஆக்சாலிக் அமிலமும் சுண்ணாம்புக் கல்லுக்கானவை. இந்தப் பொருளில் அவற்றுக்கு வேலை இல்லை.

உங்கள் மேடை வெள்ளை, அதுவும் மங்கல் பரப்பு. அது உங்கள் நல்ல நேரம். கறுப்பு, அடர்பழுப்பு மேடை வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை: உள்ளே இருக்கும் தூள் வெள்ளை என்பதால் அடர்நிறத்தில் ஒவ்வொரு கீறலும் சுண்ணாம்புக் கோடாகத் தெரியும், 400இல் நிறுத்தினால் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். 600, 800, 1000 என்று ஏற வேண்டும். கண்ணாடி போலப் பளபளக்கும் மேடை என்றால் அதற்கும் மேலே போய் பஃபிங் (மெஷினில் துணிச்சக்கரம் மாட்டிப் பளபளப்பாக்குவது) வரை செய்ய வேண்டும். அதை ஆளிடம் விடுங்கள். என்னைக் கேட்டால் சமையல் மேடைக்குப் பளபளப்பே ஆகாது, முழுவதையும் மங்கலாக மாற்றிவிடச் சொல்வேன்.

இனி அந்த மூன்றாவது கோடு. அடுப்புக்காக வெட்டிய துளையின் மூலையிலிருந்து முடி போல ஓடுகிறது என்கிறீர்கள். கீறல் எங்கிருந்தும் எங்கேயும் போகும். மூலையில் பிறந்து வெளியே ஓடுவது அநேகமாக விரிசல். சூட்டில் பலகை விரியும், ஆறினால் சுருங்கும். துளையின் மூலையை வளைவாக வெட்டாமல் கூர்மையாக வெட்டியிருந்தால் அந்த இழுவிசை எல்லாம் மூலையில் குவிந்து அங்கிருந்து கிழியும். துளையின் விளிம்பைச் சுற்றி அலுமினிய டேப் ஒட்டி சூட்டைப் பரப்பியிருக்க வேண்டும், பல இடங்களில் அதைச் செய்வதில்லை. விரிசலா என்று தெரிந்துகொள்ள, அடிப்பக்க அலமாரியைத் திறந்து அதே இடத்தை டார்ச்சில் பாருங்கள். கீழேயும் கோடு தெரிந்தால் சந்தேகமே இல்லை. மேலே இங்க் ஒரு சொட்டு விட்டுத் துடைத்தால் கோடு இங்க்கை உறிஞ்சிக்கொள்ளும் என்று சிலர் சோதிப்பார்கள். வெள்ளை மேடையில் அதைச் செய்யாதீர்கள், கறை உள்ளேயே தங்கிவிடும்.

விரிசலைத் தேய்த்தால் போகாது, பலகைதான் மெலியும். சூப்பர் குளூ விட்டு மூடாதீர்கள். அது பழுத்து மஞ்சளாகும், விரிசலுக்குள் இறங்கிக் கெட்டியானதும் பிறகு வருகிறவரின் சரியான பசை ஒட்டாது. கோரியன் வேலை செய்யும் ஃபேப்ரிகேட்டர் ஒருவரை அழையுங்கள். அவர் விரிசல் விட்ட துண்டை வெட்டி எடுத்து, அதே நிறப் பலகைத் துண்டை அதே நிற இரண்டு-கலவைப் பசையால் ஒட்டி, மூலையை வளைவாக்கி, அடியில் ஒரு தாங்கு பலகை கொடுத்துத் தேய்த்துவிடுவார். நன்றாகச் செய்தால் ஒட்டிய இடத்தை நீங்களே தேட வேண்டியிருக்கும். முந்தைய வீட்டுக்காரர் மீதித் துண்டு எதையாவது பரணில் விட்டுப்போயிருக்கிறாரா என்று பாருங்கள், சிங்க் வெட்டிய துண்டைப் பலர் பத்திரப்படுத்துவார்கள். அது கிடைத்தால் நிறம் துல்லியமாக ஒத்துப்போகும். விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தாலும் இதே வழிதான்.

அழைக்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: "தூளை பசையில் குழைச்சு அடைப்பீங்களா, துண்டு வெச்சு ஒட்டுவீங்களா?" தூளைக் குழைத்து அடைப்பேன் என்பவர் விரிசலுக்கு வேண்டாம். சின்னக் குழிக்கு அது போதும், விரிசல் ஆறு மாதத்தில் அதே இடத்தில் திறந்துகொள்ளும்.

மேடை சரியான பிறகு கீறல் எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் அடுத்த பொங்கலுக்குள் திரும்பவும் தாள் எடுக்க வேண்டிவரும். கத்தியைவிடப் பெரிய எதிரி மணல். சந்தையிலிருந்து வந்த கீரைக்கட்டையும் உருளைக்கிழங்கையும் மேடையில் கொட்டுகிறோம், மண் உதிர்கிறது, அதன் மேல் குக்கரை இழுக்கிறோம். அந்த ஒரு மணல்துகள் குவார்ட்ஸ், உங்கள் மேடையைவிட இரண்டு மடங்குக்கு மேல் கடினம் கொண்டது. கிரைண்டரின் ரப்பர் கால்களைத் திருப்பிப் பாருங்கள், அடியில் பதிந்த துகள்கள் கையில் குத்தும். கால்களைக் கழுவி, கிரைண்டரை ஒரு மணைப்பலகையின் மேல் நிரந்தரமாக வைத்துவிடுங்கள். விளிம்பில் திருகி மாட்டும் தேங்காய்த் துருவி இருந்தால் அதன் இரும்பு வாய்க்கு மேலும் கீழும் மடித்த துணியோ மரத்துண்டோ கொடுக்காமல் திருகாதீர்கள். நான் சரிசெய்த விளிம்புகளில் பல அதனால் பெயர்ந்தவை.

சூடும் அப்படியே. இந்தப் பலகையை வளைக்க வேண்டும் என்றால் நாங்கள் 150, 160 டிகிரி வரை சூடாக்குகிறோம். அதற்கு மிகவும் முன்பே அக்ரிலிக் இளகத் தொடங்கிவிடும். அடுப்பிலிருந்து எடுத்த தோசைக்கல் அதைத் தாண்டியே இருக்கும். கிரானைட்டில் இறக்கிவைத்துப் பழகிய கை தானாகவே மேடைக்குப் போகும் என்பதால், அடுப்புக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு புரிமணையோ மரப்பலகையோ கிடக்கட்டும். ஈரத் துணியை விரித்து அதன் மேல் வைப்பது போதாது.

உங்கள் மாமனாரிடம் ஒன்றைக் காட்டுங்கள். மிக்சி நிற்கும் மூலையில், யார் கண்ணிலும் படாத ஒரு சாண் இடத்தில், 320, 400, ஸ்காட்ச் பிரைட் மூன்றையும் முதலில் செய்துபாருங்கள். இருபது நிமிட வேலை. மறுநாள் காலை வெளிச்சம் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழும் நேரத்தில் அவரைக் கூப்பிட்டு, எந்த இடத்தில் தேய்த்தீர்கள் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் கிரைண்டர் கோட்டில் கை வையுங்கள். கண்டுபிடித்துவிட்டார் என்றால் எந்தத் தாளை அவசரமாக விட்டீர்கள் என்பது அந்த வெளிச்சத்திலேயே தெரியும். அதிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.